அரைப் புட்டி விளக்கெண்ணெய்

லோரியின் மைல் மீட்டர் ஒரு முறை தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் வரை ஓடி, பூச்சியத்துக்குத் திரும்பி, மறுபடியும் நாற்பத்து மூவாயிரத்தில் வந்து நின்றிருந்தது. நாகையா இதை யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் நாற்பத்து மூவாயிரம் என்றுதான் சொல்வான்.

பூச்சோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் துரை வைத்திருந்த வண்டி அது. முன்னால் இரண்டு பேர் நெருங்கி உட்காரக் கூடிய கேபின், பின்னால் பலகை அடித்த சின்னத் தொட்டி. துரை கப்பலேறித் தப்பிய அன்று சாவியை அதிலேயே விட்டுப் போனான். சப்பான்காரன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டான். ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவன் என்று நாகையாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டதற்கு அடையாளமாக எழுத்துப் போட்ட ஒரு வெள்ளைத் துணிப்பட்டையைக் கொடுத்தார்கள். அது கையில் இருக்கிற வரைக்கும் சயாம் ரயில் பாதை வேலைக்கு அவனைப் பிடித்துப் போக மாட்டார்கள்.

அவன் மனைவி பவுனம்மாளின் தம்பி வேலாயுதத்துக்கு அப்படி ஒரு பட்டை இல்லை. சாலாக் செலாத்தான் கடைத்தெருவில் புகையிலை வாங்கப் போனவனைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். பதினான்கு மாதமாகத் தகவல் ஒன்றும் இல்லை. அவனை ஏற்றிப் போனது எந்த லோரி என்று அவள் கேட்டதில்லை. நாகையாவும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, செப்டம்பர் மாதம், புதன்கிழமை. சப்பான் மணிக்கு எட்டு, வானத்து மணிக்கு ஆறரை. பிரிக்ஃபீல்ட்ஸில் செங்கல் சூளைக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய பலகை வீட்டு வாசலில், லோரி இஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. ராத்திரி பெய்த மழையில் மண் சொதசொதவென்றிருந்தது. அன்று நடுப்பகலுக்கு வண்டி போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டு பெட்டிகளோடு கொச்சோவும் வருகிறான் என்று உத்தரவு. கொச்சோ என்பது சப்பான் பட்டாளத்தில் அவனுடைய பதவியின் பெயர். சொந்தப் பெயரைக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லாததால் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். உத்தரவைக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளன் தம்புசாமி, முன்பு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன், போகும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்: "வழியில லோரி சாக்கிட் ஆகிப் படுத்துச்சுன்னா லோரியப் பட்டறைக்கு அனுப்புவான். உன்ன சயாமுக்கு அனுப்புவான். ரெண்டுக்கும் நான்தான் சீட்டு எழுதணும், பாத்துக்க."

நாகையா வேலைக்கு ஒரு வரிசை வைத்திருந்தான். முதலில் இஞ்சினைக் கால் மணி நேரம் ஓட விட்டு, சூட்டோடு அடித் திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடிப்பது. ஆறிவிட்டால் அடியில் தங்கிய மண்டி இறங்காது. மண்ணெண்ணெய் டின்னுக்குள் எண்ணெய் கரிக் குழம்பாக விழுந்தது. பவுனம்மாள் தன் பழைய சேலையை நாலாக மடித்து இன்னொரு டின்னின் வாயில் கட்டி, கரண்டி கரண்டியாக அதன் மேல் ஊற்றி வடிகட்டினாள். வடித்ததை மூன்று நாள் அசைக்காமல் வைத்து, தெளிந்ததை மட்டும் மொண்டு, செம்பனை எண்ணெயோடு கலந்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார்கள். இந்த முறைக்கு ஊற்ற வேண்டியது போன தடவை தெளிய வைத்தது.

"இன்னிக்கு என்ன குடிக்கப் போறாங்க உங்க மூத்த சம்சாரம்?" என்றாள். லோரிக்கு அவள் வைத்த பெயர் அது.

"செம்பனை எண்ணெய். நீ நெத்திலி பொரிக்கிறியே, அதேதான்."

"போன வாரம் கியருக்குப் பன்னிக் கொழுப்பு போட்டீங்க."

"மெதுவாப் பேசு புள்ள. பக்கத்து வீட்டு அமீனாக்கா காதுல விழுந்துச்சுன்னா வண்டி இந்தப் பக்கம் நிக்கக் கூடாதும்பாங்க."

வேலிக்கு அப்பாலிருந்து அமீனா பீவியின் குரல் வந்தது. "விழுந்துடுச்சு, விழுந்துடுச்சு. நாகையா, அந்தக் கையோட எங்க வூட்டு வேலிய மட்டும் தொடாத, சொல்லிட்டேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் சிரிப்பு இப்படித்தான், வாயைப் பாதி மூடிக்கொண்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு.

அடுத்து வடிகட்டிகள். இஞ்சின் பக்கத்தில் இருந்த எண்ணெய் வடிகட்டி டப்பாவுக்குள் கம்பெனி வைத்த பஞ்சு போய் இரண்டு வருஷமாகிறது. பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர்களின் கிராமத்தில், வாங்கிய இலவம்பஞ்சைச் சேலைத் துணியில் சுற்றி, திரி மாதிரி முறுக்கி உள்ளே திணித்தான். காற்று வடிகட்டிக்குத் தேங்காய் நார். பவுனம்மாள் அதைச் சாம்பல் போட்டு அலசி, பிழிந்து, எண்ணெயில் நனைத்துக் கொடுத்தாள். ரப்பரைக் காய்ச்சி வடித்த நாற்றம் பிடித்த பெட்ரோலுக்குத் துரை விட்டுப்போன கம்பளித் தொப்பி. அதன் தலைப்பாகத்தை வெட்டிப் புனலுக்குள் வைத்தால் பிசின் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

"துரை தலையில இருந்தத விட இங்கதான் அதுக்கு வேலை ஜாஸ்தி" என்றான் நாகையா.

"எதைக் குடுத்தாலும் குடிக்குது, எதைக் குடுத்தாலும் போட்டுக்குது" என்றாள் அவள். "நம்ம மாதிரியே."

"நம்ம மாதிரியேதான்" என்று அவனும் சொன்னான்.

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இரண்டு வருஷமாக அந்த வாசலில் அவள் கண்ணால் கண்டதும் அதுதான். செம்பனை எண்ணெய், கொழுப்பு, வடித்த மண்டி, ஒரு தடவை முந்திரிக்கொட்டை எண்ணெய்கூட. எல்லாவற்றையும் அந்த வண்டி வாங்கிக்கொண்டு ஓடியது. எண்ணெய் என்றால் எண்ணெய்தான், வழுக்கினால் சரி என்று அவள் மனசில் படிந்துபோனதில் ஆச்சரியமில்லை.

ஒன்பது நாளைக்கு முன் அவள் செய்த காரியத்துக்கு அதுதான் காரணம். அமீனா பீவியின் மகள் ஜுபைதாவுக்கு வலி எடுத்து இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி விளக்கெண்ணெய் கொண்டு வா என்றாள். பாசார்க் கடைகளில் ஒரு சொட்டு கிடையாது. நாகையா கிள்ளானுக்கு லோரி ஓட்டிப் போயிருந்தான். பவுனம்மாள் வீட்டு மூலையில் ஒரு கறுப்புப் புட்டி நிறைய விளக்கெண்ணெய் இருந்தது. லோரிக்கென்று பட்டாளக் கிடங்கிலிருந்து தம்புசாமி கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தது. வாரம் ஒரு முறை அவன் வந்து புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்ப்பான். பவுனம்மாள் பாதியை அமீனா பீவியின் கிண்ணத்தில் ஊற்றினாள். அன்று மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. அளவு குறைந்தது தெரியக் கூடாதே என்று, தலைக்குத் தேய்க்க வைத்திருந்த தேங்காயெண்ணெயைப் புட்டியில் விட்டுக் கழுத்து வரை நிரப்பி வைத்தாள். கிராணி வந்தான், புட்டியைத் தூக்கிப் பார்த்தான், போனான். அவளும் அதை மறந்துவிட்டாள்.

"பவுனு, அந்த விளக்கெண்ணெய் புட்டிய எடுத்துட்டு வா. இனி பிரேக்குதான் பாக்கி" என்றான் நாகையா.

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு பங்கு எண்ணெயை ஊற்றி, ஒரு பங்கு சம்சு விட்டான். சீனன் மரவள்ளியில் காய்ச்சிய சாராயம், மூக்கைக் குத்தியது.

"இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்க? செம்பனை எண்ணெயவே ஊத்திட வேண்டியதுதானே?"

"ஐயய்யோ. பிரேக்குல விளையாட முடியாது. சக்கரத்துக்குள்ள ரப்பர்க் கிண்ணம் இருக்கு, சின்னதா, உன் கம்மல் அளவுக்கு. விளக்கெண்ணெய் பட்டா அது சும்மா இருக்கும். வேற எண்ணெய் பட்டுச்சு, தேங்காயெண்ணெயோ இஞ்சின் எண்ணெயோ, ஊறப்போட்ட கடலையாட்டம் ஊதிக்கும். மொதல்ல பிரேக் புடிச்சா விடாது. சூடேறிச்சுன்னா அப்புறம் மிதி தரை வரைக்கும் போவும், ஒண்ணும் புடிக்காது. நம்ம டிரைவர் ரமணி வண்டி ரவாங் பக்கம் அப்படித்தான் ஆத்துல எறங்கிச்சு. பின்னால சப்பான்காரன் நாலு பேரு."

"ரமணி ஆத்துலயா செத்தாரு?"

"ரமணி ஆத்துல சாவல" என்றான் நாகையா. "கரையேறின பொறகுதான்."

பவுனம்மாள் புட்டியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நாகையா குவளையைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தான். விளக்கெண்ணெயும் சம்சுவும் கலந்தால் தேன் மாதிரி தெளிவாக நிற்க வேண்டும். இது அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கி நின்றது. அவன் புருவம் சுருங்கியது. மூக்குக்குக் கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் சைக்கிள் மணி அடித்தது. அதன் பின்னால் பூட்ஸ் சத்தம்.

"சம்சுல தண்ணி ஊத்திட்டான் சீனன்" என்று நாகையா உரக்கச் சொல்லிவிட்டுக் குவளையைக் கீழே வைத்தான்.

தம்புசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை, காதோரம் பென்சில். பின்னால் கொச்சோ. குள்ளமான ஆள், இடுப்பில் வாள், கையில் ஒரு பப்பாளிப் பழம். நாகையாவும் பவுனம்மாளும் இடுப்பு மடிய வணங்கினார்கள். கொச்சோ லோரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டயரை உதைத்தான். ஏதோ சொன்னான்.

"ஏன் இன்னும் முடியலங்கிறான்" என்றான் தம்புசாமி.

"பிரேக் எண்ணெய் மட்டுந்தான் கிராணி ஐயா. ஒரு மணி நேரம்."

கொச்சோ ரம்புத்தான் மரத்தடியில் பலகைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிப் பழத்தை வெட்டத் தொடங்கினான். தம்புசாமி மட்டும் லோரிக்கு ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டான். அவனுக்குத் தமிழ் தெரியும். அங்கே இருந்த ஆபத்தெல்லாம் அதுதான்.

"ஏறு" என்றான் நாகையா அவளிடம்.

பிரேக் எண்ணெய் மாற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கேபினில் உட்கார்ந்து மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து பழைய எண்ணெயையும் காற்றையும் வெளியே விட்டு மூட வேண்டும். மூடின பிறகுதான் காலை எடுக்கலாம். இரண்டு வருஷமாக அந்த மிதி பவுனம்மாளின் வேலை. சேலையை முழங்கால் வரை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மிதி பலகையில் இறங்குகிற இடத்தில் கையகல ஓட்டை. அது வழியாகப் பார்த்தால் கீழே படுத்திருக்கும் நாகையாவின் முகம் தெரியும்.

பிரேக் எண்ணெய் ஊற்றும் சின்னக் குப்பியில் அவன் ஏற்கெனவே குவளையை ஊற்றிவிட்டிருந்தான். கிராணி பார்த்துக்கொண்டிருக்க, ஊற்றாமல் இருக்க வழியில்லை.

"மிதி."

மிதித்தாள்.

"புடி. விடு."

முன் சக்கரத்திலிருந்து துரு நிற எண்ணெய் புளிச்சென்று டப்பாவில் விழுந்தது. அது போகப் போகத் தன் காலால்தான் அந்தக் கலங்கல் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்து, மிதியைப் பார்ப்பது போல ஓட்டையைப் பார்த்தாள்.

"என்னங்க."

"மிதி."

"அந்த எண்ணெய்ல பாதிதான் விளக்கெண்ணெய்."

கீழே திருகுசாவி நின்றது.

"புடி" என்றான். குரல் மாறவில்லை.

"ஜுபைதாவுக்குப் புள்ள எறங்காமக் கெடந்துச்சு. பாதி குடுத்துட்டேன். கிராணி அளவு பாப்பாரேன்னு தேங்காயெண்ணெய் ஊத்தி வச்சேன்."

"விடு."

"எதைக் குடுத்தாலும் குடிக்குதுன்னு நீங்கதானே..."

"மிதி." ஓட்டைக்குள் அவன் கண் மட்டும் தெரிந்தது. உதடு அசையாத குரலில் சொன்னான்: "கலங்கினப்பவே தோணுச்சு. புடி."

"அப்ப ஏன் பேசாம ஊத்துனீங்க?"

"பேசினா யாரு கலந்தான்னு கேப்பான். நான்னு சொல்லணும், இல்ல நீன்னு சொல்லணும். கை பிரேக்க வச்சு மெதுவா ஓட்டிக்கலாம்னு பாத்தேன். விடு."

"இருபத்தேழு மைலா?"

கீழே திருகுசாவி மறுபடி சுற்றியது.

"என்ன நாகையா" என்று தம்புசாமி கிட்டே வந்தான். "லோரிக்கு மந்திரம் ஓதுறீங்களா ரெண்டு பேரும்?"

நாகையா சகதியோடு வெளியே உருண்டு வந்து எழுந்தான். "காத்து ஏறிடுச்சு கிராணி ஐயா. சம்சு சரியில்ல. எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டுத் திரும்ப ஊத்தணும்."

"திரும்ப ஊத்த எண்ணெய் இருக்கா?"

"வீட்டுக்குள்ள கொஞ்சம் எடுத்து வச்சிருக்கு" என்று சொல்லிப் பவுனம்மாளைப் பார்த்தான். "போய் எடுத்துட்டு வா. கொச்சோவுக்குக் கிழங்கு கிழங்குன்னியே, அதையும்."

கொச்சோவுக்குக் கிழங்கு என்று அவள் சொன்னதே இல்லை. ஆனால் புரிந்துகொண்டாள். அடுப்பில் வெந்த மரவள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வேலியைத் தாண்டினாள்.

அமீனா பீவி குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஜுபைதா பாயில் கிடந்தாள். பவுனம்மாள் மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் அமீனா பீவி ஈரக் கையோடு எழுந்து அடுக்குக்குள் கைவிட்டாள்.

"கால் புட்டி இருக்கு. புள்ள வயித்துக்குன்னு வச்சிருந்தேன். இந்தா."

"அக்கா, புள்ளைக்கு..."

"புள்ளைக்கு வயித்த வலிச்சா அழும், அவ்வளவுதான். போ தங்கச்சி, நிக்காத."

புட்டியைச் சட்டியில் கிழங்குக்கு நடுவே புதைத்து, மேலே வாழையிலையைப் போட்டு மூடிக்கொண்டு திரும்பினாள். வேலியைத் தாண்டியதும் தம்புசாமி எதிரே நின்றான்.

"உங்க வீட்டு அடுப்பு அந்த வீட்டுலயா இருக்கு?"

"கிழங்கு, கிராணி ஐயா. உங்களுக்கும் கொச்சோவுக்கும்."

அவன் வாழையிலையைத் தூக்கினான். ஆவி அவன் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, கிழங்குகளுக்கு நடுவே தெரிந்த புட்டிக் கழுத்தைப் பிடித்துப் பாதி வெளியே இழுத்தான். அடைப்பானை முகர்ந்தான். வேலிக்கு அப்பால் குழந்தை அழுதது. அவன் அந்தப் பக்கம் பார்த்தான், புட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இருபது வருஷம் கணக்கு எழுதியவன். அவனுக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"என் கையெழுத்துல வந்த எண்ணெய் இது" என்றான் மெதுவாக. "கொறஞ்சா கொச்சோ உன்னக் கேக்க மாட்டான். என்னத்தான் கேப்பான்."

சட்டி கையில் சுட்டது.

"இப்ப லோரிக்குள்ள போனது என்ன?"

"பாதி தேங்காயெண்ணெய்."

தம்புசாமியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது. "அதுல நானும் ஏறணும், தெரியுமா உனக்கு? என்னையும் சேத்துல்ல பாடை கட்டியிருக்க."

"தெரிஞ்சு செய்யல, ஐயா."

"தெரிஞ்சு செஞ்சிருந்தா இந்நேரம் நான் கத்தியிருப்பேன்." புட்டியை உள்ளே அழுத்தினான். "ஆம்பளப் புள்ளையா?"

"பொண்ணு."

புட்டியின் மேல் கிடந்த கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வாழையிலையைச் சரியாக மூடினான். பிறகு லோரிப் பக்கம் திரும்பி, அடித்தொண்டையிலிருந்து கத்தினான்: "டேய் நாகையா, லெக்காஸ் லா! இன்னும் எவ்வளவு நேரம்?"

மரத்தடியில் கொச்சோ தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

நாகையா வேகமாக வேலை செய்தான். குழாய்களில் இருந்த கலங்கல் முழுவதையும் வெளியே விட்டு, வெறும் சம்சுவை ஊற்றி இரண்டு தடவை அலசினான். கால் புட்டியைச் சம்சுவோடு கலந்தான். தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. ஆனால் அளவு போதாது. ஒரு கணம் யோசித்துவிட்டு முன் சக்கரங்களுக்குப் போகும் குழாயைக் கழற்றி, செப்புத் தகட்டைப் பொட்டு அளவுக்கு வெட்டி, அதன் வாயில் வைத்து முறுக்கி அடைத்தான்.

"பின் சக்கரம் ரெண்டுக்குந்தான் வரும்" என்றான் கீழேயிருந்து. தம்புசாமியும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"போதுமாங்க?"

"மிதி."

அவள் மிதித்தாள். முதலில் பஞ்சாக இறங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசி மிதியில் கல்லை மிதித்தது போல் காலுக்கடியில் நின்றது.

பெட்டிகளை ஏற்றி முடித்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொச்சோ எழுந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏறுவான் என்று பார்த்தால் ஏறவில்லை. சந்தின் நடுவே நடந்து போய், வாள் உறையின் நுனியால் சேற்று மண்ணில் குறுக்கே ஒரு கோடு கிழித்தான். நாகையாவைப் பார்த்து, சந்து முனை வரை பின்னால் போய் வேகமாக வா என்று கையால் காட்டினான். கோட்டில் நிறுத்து என்று காட்டினான். பிறகு தம்புசாமியின் தோளைப் பிடித்துத் தள்ளிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு ஏதோ சொன்னான்.

தம்புசாமி பழக்கத்தினால் அதையும் மொழிபெயர்த்தான். "கோட்டுக்குப் பின்னால ஆள் நிக்கணுமாம். அப்பத்தான் டிரைவருக்குக் கவனம் இருக்குமாம். என்னை..."

நாகையா கேபினில் ஏறினான். அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. லோரி பின்னோக்கி ஊர்ந்து சந்து முனைக்குப் போனது.

பவுனம்மாள் தம்புசாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. கண் கொச்சோவின் பக்கம் போயிற்று, திரும்பியது, மறுபடி போயிற்று. இன்னும் ஒரு மூச்சு, சொல்லிவிடுவான். முன் சக்கரத்துக்கு பிரேக் இல்லை என்று சொல்லிவிடுவான். எண்ணெய் வந்த கதை முழுவதும் வெளியே வரும். நாகையா, அமீனா பீவி, ஒன்பது நாள் குழந்தை, அவள்.

அவள் நடந்து போய்த் தம்புசாமியின் பக்கத்தில், கோட்டை ஒட்டி நின்றாள்.

கொச்சோ ஆச்சரியமாகப் பார்த்தான். தடுக்கவில்லை.

"கிராணி ஐயா, புடிக்கும்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" அவன் பல் ஒன்றோடொன்று அடித்தது.

"நான்தான் மிதிச்சேன். கல்லாட்டம் நின்னுச்சு."

"முன் சக்கரம்..."

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

அப்படி ஒரு வார்த்தையை அவள் வாழ்நாளில் எந்தக் கிராணியிடமும் பேசியதில்லை. தம்புசாமி வாயை மூடிக்கொண்டான்.

லோரி கிளம்பியது. சந்து முனையில் சின்னதாகத் தெரிந்தது, இஞ்சின் உறுமிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டு பெட்டியின் பாரம். கியர் மாறும் சத்தம் கேட்டது, இன்னொரு கியர். கண்ணாடிக்குப் பின்னால் நாகையாவின் முகம் தெரிந்தது. அவன் கோட்டைப் பார்த்தபோதுதான் அங்கே இரண்டு பேர் நிற்பதையும், அதில் ஒன்று யார் என்பதையும் கண்டான். வாய் திறந்தது. அவள் தலையை அசைக்கவில்லை, கண்ணை மூடவில்லை. தம்புசாமி பக்கத்தில் ஏதோ சாமியின் பெயரை ஒரே மூச்சில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பின் சக்கரங்கள் பிடித்தன. லோரியின் பின்பக்கம் சேற்றில் இழுபட்டு ஒரு பக்கமாக வாரியடித்துக்கொண்டு திரும்பியது. முன் சக்கரங்கள் நிற்காமல் உருண்டு வந்தன. நாகையா கை பிரேக்கை இரண்டு கையாலும் இழுப்பது தெரிந்தது. பெட்டிகள் முன்னால் வந்து கேபினில் மோதின. பிறகு எல்லாம் நின்றது.

ரேடியேட்டரின் அனல் அவள் வயிற்றில் அடித்தது. கையை நீட்டினால் தொடலாம். கோடு சக்கரத்துக்கு அடியில் காணாமல் போயிருந்தது.

கொச்சோ வந்து குனிந்து, சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவில் இருந்த இடத்தைச் சாண் வைத்து அளந்தான். "யோஷி" என்று தலையாட்டினான். தம்புசாமியின் காக்கிக் கால்சட்டை முன்புறம் நனைந்திருப்பதைப் பார்த்து வாய் விட்டுச் சிரித்து, அவன் முதுகில் தட்டினான்.

தம்புசாமி தானும் சிரித்தான். அழுகை மாதிரி இருந்தது.

கொச்சோ முன்னால் ஏறினான். தம்புசாமி பின்னால் பெட்டிகளின் மேல் ஏறி, கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டான். நாகையா மனைவியைப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று நின்றாள். "அடுப்புல தண்ணி கிடக்கு, எறக்கி வை" என்றான். லோரி செங்கல் சூளையைச் சுற்றி, பழைய கிள்ளான் ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. முதல் மழைத்துளி விழுந்தது.

அவள் கோடு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேலிக்கு மேல் அமீனா பீவியின் தலை தெரிந்தது. "தங்கச்சி, போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கக்கா."

"பிரேக் புடிச்சுதா?"

"இங்க புடிச்சுது" என்றாள் பவுனம்மாள்.

மழை வலுத்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவன் ஒவ்வொரு முறையும் வந்து சொல்லும் ரோட்டை மனசுக்குள் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டாலிங் இறக்கம். சுங்கைவே வளைவு. பத்து தீகா மேடு, அதன் அந்தப் பக்கத்துச் சரிவு. கிள்ளான் பாலம். இந்நேரம் பெட்டாலிங் வந்திருக்கும்.